தள்ளுப்பெட்டி

மாரிசெல்வியின் வேன் காலையில் தானாகக் கிளம்பாது என்பது வெம்பக்கோட்டைப் பக்கத்தில் நாலு ஊருக்குத் தெரியும். சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம் வரும், அதோடு சரி. வேலைக்கு வந்த பெண்கள் சாப்பாட்டுப் பையை சீட்டில் வைத்துவிட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் போய் நிற்பார்கள். அவள் வீட்டு வாசலிலிருந்து கண்மாய் மடை வரைக்கும் தெரு லேசாகச் சரியும். அந்தச் சரிவுக்குள் வண்டி உறுமிவிட வேண்டும். உறுமிவிட்டால் கரும்புகையைக் கக்கிக்கொண்டு ஓடும், தள்ளியவர்கள் ஓடிப்போய் ஏறிக்கொள்வார்கள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவள், இப்போதும் பார்க்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆள் ஏற்றிவந்த பழைய வேன்காரர் வெளியூர் போய்விட, கம்பெனி வேறு ஆள் தேடியது. அவள் சூலக்கரை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மூன்று தடவை அலைந்து லைசென்ஸ் எடுத்து, அந்த டீசல் வேனையே வாங்கிவிட்டாள். காலையில் பதினாலு பேரைக் கம்பெனியில் கொண்டுபோய் இறக்குவாள். பகலில் அவர்களோடு உட்கார்ந்து அட்டைப்பெட்டி ஒட்டுவாள். வேலை முடிந்ததும் அவர்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவாள். புருஷன் சங்கிலிமுத்து சிவகாசியில் லாரிக்கு லோடு ஏற்றப் போகிறவன். வேன் விஷயத்தில் அவன் தலையிடுவதில்லை.

தை மாதம் ஒரு காலையில் வண்டி உறுமிய வேகத்தில் வள்ளித்தாய் செருப்பு வார் அறுந்து குப்புற விழுந்தாள். முழங்காலில் தோல் வழன்றுவிட்டது. வள்ளித்தாய் மாரிசெல்விக்கு மதினி முறை. வேனில் வருகிறவர்களில் மூத்தவள், பேச்சிலும் மூத்தவள்.

"ஏ மாரி, இன்னைக்கு முட்டி. நாளைக்கு மூஞ்சி. நான் வேலைக்கு வாரவளா, வண்டி தள்ள வாரவளா?"

"பொறுங்க மதினி. இந்த வாரத்துக்குள்ள ஒரு வழி பண்ணிருதேன்."

"இதத்தான் தீவாளிக்கும் சொன்ன."

அன்றைக்கு அவர்கள் கேட்டுக்குப் போய்ச் சேர எட்டே முக்கால். எட்டரைக்கு மேல் வந்தால் அரை நாள் வருகைதான். பதினாலு பேருக்கும் அரை நாள் போனது. யாரும் மாரிசெல்வியை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேனை உருட்டிக் கிளப்பி, நிறுத்தாமல் சிவகாசிக்கு ஓட்டிக்கொண்டு போனாள். பேட்டரிக் கடை அழகுராஜா அண்ணாச்சி பானட்டைத் தூக்கிப் பார்த்தார். டெர்மினலில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதைச் சுரண்டித் துடைத்து, மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"பேட்டரி கெடல. பட்டினி கெடக்கு."

"புதுசு போட்டா சரியாகிருமா அண்ணாச்சி?"

"போட்டா ஆறு மாசத்துக்கு நல்லாயிருக்கும். பெறகு இதே கததான். வண்டி ஓடுறது எம்புட்டு தூரம்? காலைல பதினாறு கிலோமீட்டரு, திரும்பப் பதினாறு. அதுலயும் நாலு எடத்துல நிப்பாட்டி ஆள் ஏத்துறீக. பாட்டு வேற ஓடுது. அது வயிறு நெறையுறதுக்குள்ள நிப்பாட்டிருறீக. எங்கனயோ வயரிங்ல கரண்டும் கசியுது. ரெண்டு நாள் வண்டிய வயரிங்காரன்ட்ட விடுங்க."

இரண்டு நாள் விடுவதற்கு அவளுக்கு வழியில்லை. பதினாலு பேருக்கு யார் பதில் சொல்வது? அதைச் சொன்னதும் அவர் உள்ளே போய், பேட்டரி இறங்கிய வண்டிக்குக் கரண்டு கொடுத்துக் கிளப்புகிற ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டிகள் இரண்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். ஒன்று உள்ளங்கையில் அடங்கும். அதன் பெட்டியில் இரண்டாயிரம் ஆம்ப்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இன்னொன்று செங்கல் கனம். அதில் போட்டிருந்ததோ ஆயிரத்து ஐந்நூறுதான். சின்னது விலையும் குறைவு. மாரிசெல்வி சின்னதைக் கையில் எடுத்தாள்.

"நம்பரப் பாத்து எடுக்காதீக. பெட்டியில போட்டிருக்கது கண்ண மூடித் தெறக்குற நேரத்துக்கு வர்ற கரண்டு, அதையும் அவக இஷ்டத்துக்குப் போட்டுக்கிருவாக. பெட்ரோல் காருக்கு இது போதும். டீசல் இஞ்சினச் சுத்த இதுக்குச் சத்து கெடையாது. நம்பாட்டி வாங்க, உங்க வண்டியிலயே பாத்துருவோம்."

வேனின் ஹெட்லைட்டைப் போட்டு முக்கால் மணி நேரம் விட்டார். செல்ஃப் சுத்தமாக எடுக்காமல் போனபிறகு சின்னதை மாட்டினார். டக், டக், டக் என்று அடித்துவிட்டு அது விளக்கை அணைத்துக்கொண்டது. அடுத்துச் செங்கல். சிவப்புக் கிளிப்பைப் பேட்டரியின் பிளஸ்ஸில் கவ்வவிட்டார். கறுப்புக் கிளிப்பைப் பேட்டரியில் மாட்டாமல், தள்ளி இஞ்சினில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டில் மாட்டினார். பேட்டரிக்குப் பக்கத்தில் பொறி விழக் கூடாது என்றார். பட்டாசுக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் இருந்தவளுக்கு அதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாவியைத் திருப்பினாள். இஞ்சின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது.

செங்கலையே வாங்கினாள். அண்ணாச்சி பில்லுக்குப் பின்னால் எழுதிக் கொடுத்தார். மூன்று செகண்டுக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. எடுக்காவிட்டால் அரை நிமிஷம் விட்டு அடிக்க வேண்டும். கிளம்பியதும் கறுப்பை முதலில் கழற்ற வேண்டும். பயன்படுத்தாமல் கிடந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சார்ஜ் ஏற்ற வேண்டும். பாதிக்குக் கீழே இறங்க விடக் கூடாது. கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்: வெயிலில் நிற்கிற வண்டிக்குள் வைக்கக் கூடாது.

அந்தப் பெட்டிக்குத் தள்ளுப்பெட்டி என்று பேர் வைத்தது வள்ளித்தாய். தங்களுக்குப் பதிலாக அது தள்ளுகிறதாம். மறுநாளிலிருந்து யாரும் சேலையைச் செருகிக்கொண்டு பின்னால் போய் நிற்கவில்லை. மாரிசெல்வி பெட்டியைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாள். ஞாயிறுதோறும் கிளிப்பின் பற்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். நாலு விளக்கில் மூன்று எரிந்தால் உடனே சார்ஜில் போட்டாள். தேதியைக் காலண்டரில் குறித்துவைத்தாள்.

இடைஞ்சல் பகலில்தான் வந்தது. கம்பெனியில் வேன்களைக் கேட்டுக்கு வெளியே பொட்டலில்தான் நிறுத்த வேண்டும். பொட்டலில் நிழல் கிடையாது. பேட்டரி உள்ள எந்தப் பொருளும் கேட்டைத் தாண்டக் கூடாது. செல்போனை எல்லாம் கேட்டிலேயே வாட்ச்மேன் அருள்பாண்டியிடம் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்வார்கள். வண்டிக்குள் வைத்தால் வெந்துவிடும், உள்ளே கொண்டுபோக முடியாது. அதனால் அவள் தள்ளுப்பெட்டியையும் அருள்பாண்டியிடமே கொடுத்தாள். அவன் வாட்ச்மேன் ரூமில் பரணில் வைத்தான். நிழலில் இருக்கிறதே என்று அவளுக்கு நிம்மதி. அந்த ரூமுக்குக் கூரை தகரம் என்பதும் பரண் தகரத்துக்கு ஒரு சாண் அடியில் இருந்தது என்பதும் அவள் கண்ணில் பட்டதுதான். மாசி மாதத்தில் அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

சித்திரையில் ஒரு விஷயம் கவனித்தாள். காலையில் நாலு விளக்கோடு கொடுக்கிற பெட்டி, வாங்கும்போது இரண்டு விளக்கோடு வந்தது. ஒரு நாள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் கேட்டுப் பக்கம் வந்தாள். அருள்பாண்டியின் செல்போன் பெட்டியில் சொருகிக் கிடந்தது.

"அண்ணே, இது வண்டிக்கு உள்ளது."

"கொஞ்ச நேரந்தான்த்தா. இங்கன கரண்டு பாயிண்டே வைக்க மாட்டேங்காக. என்ன பண்ணச் சொல்லுத?"

பட்டாசுக் கம்பெனி கேட்டில் மின்சார இணைப்பு கிடையாது என்பது உண்மைதான். பகல் முழுக்க அந்த ஆள் தகரத்துக்கு அடியில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். அவள் அப்படியே விட்டுவிட்டாள். வீட்டுக்குப் போய்த் தினமும் சார்ஜில் போட ஆரம்பித்தாள்.

அக்னி நட்சத்திரம் பிறந்த வாரம் திங்கட்கிழமை காலையில், பானட்டைத் திறந்து பெட்டியை ரேடியேட்டர் மேல் பலகையில் வைத்தாள். பெட்டி ஆடியது. பலகையைச் சரிசெய்துவிட்டு வைத்தாள். அப்போதும் ஆடியது. திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் பூரி மாதிரி இல்லாவிட்டாலும் இட்லி மாதிரி லேசாக எழும்பியிருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தாள். ஆறு பெண்கள் வண்டிக்குள் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளிப்பை மாட்டினாள், சாவியைத் திருப்பினாள், வண்டி கிளம்பியது. கிளம்பிவிட்டதால் அதைப் பற்றி அவள் அப்புறம் நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. நினைத்தாள். செவ்வாய்க்கிழமை நினைத்தாள். அண்ணாச்சிக்குப் போன் போடலாம் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை எப்படியும் சிவகாசிக்குப் போகிறோமே, அப்போது காட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

புதன்கிழமை வெயில் நூற்றாறு டிகிரி. வெயில் கூடுகிற நாட்களில் மருந்து அறைகளை மதியத்தோடு மூடிவிடுவார்கள். ஒன்றரை மணிக்கு எல்லோருமாகக் கேட்டுக்கு வந்தார்கள். நாற்பது ஐம்பது பெண்கள் டோக்கனை நீட்டிக்கொண்டு வாட்ச்மேன் ரூமை மொய்த்தார்கள். கேட்டுக்கு உள்பக்கமாக, முப்பது அடி தூரத்தில், வடக்கே போகிற ஒரு லாரி ஆர்டர் சரக்கோடு தார்ப்பாய் கட்டி நின்றது.

மாரிசெல்வி வாசலில் கால் வைத்ததும் ஒரு வாசனை வந்தது. நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி தித்திப்பான நெடி. பரணில் பெட்டி குப்புறக் கிடந்தது. அதன் முதுகு பிளந்து, உள்ளே வெள்ளியாக எதுவோ பிதுங்கிக்கொண்டிருந்தது. அருள்பாண்டியின் போன் அதில் சொருகியபடியே இருந்தது.

"அண்ணே, எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லுங்க."

"என்னத்தா?"

"போன் பெறகு குடுக்கலாம். வெளிய கூட்டிட்டுப் போங்க எல்லாரையும், ரோட்டுப் பக்கம். லாரிய எடுக்கச் சொல்லுங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தத் தொனி தெரியும். வள்ளித்தாய் பக்கத்தில் நின்ற இரண்டு பேரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். மற்றவர்கள் ஓடாமல், ஆனால் திரும்பிப் பார்க்காமல், அவள் பின்னாலேயே போனார்கள். லாரி டிரைவர் காலில் செருப்பில்லாமல் வந்து வண்டியை உள்ளே நகர்த்தினார்.

ரூமுக்கு வெளியே வரிசையாகச் சிவப்பு வாளிகள் தொங்கின. இரண்டில் தண்ணீர், மூன்றில் மணல். மாரிசெல்வி மணல் வாளி ஒன்றை எடுத்து, கையாலேயே நடுவில் குழி பறித்தாள். போன் வயரை உருவினாள். பெட்டியைத் தொட்டதும் கை சுட்டது, சேலை முந்தானையைச் சுற்றிக்கொண்டு தூக்கினாள். அது கனமாக இருப்பதற்குப் பதிலாக லேசானது போலத் தோன்றியது. குத்திவிடக் கூடாது, சாய்க்கக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டு மணலில் வைத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு பொட்டலைத் தாண்டி நடந்தாள். வேலிக்கருவை வெட்டி வெறுமையாகக் கிடந்த நிலத்தில் இருநூறு அடி நடந்து வாளியை இறக்கினாள். திரும்பி வந்து இன்னொரு மணல் வாளியை எடுத்துப்போய்ப் பெட்டியின் மேல் கொட்டினாள். பிறகு ரோட்டுக்கு வந்து மற்றவர்களோடு நின்றுகொண்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. பத்து நிமிஷம் ஆனது. யாரோ, ஒரு பெட்டிக்கா இவ்வளவு கூத்து என்று சொல்லிச் சிரித்தார்கள். இன்னும் ஐந்து நிமிஷம் கழித்து மணலுக்குள்ளிருந்து குக்கர் விசில் மாதிரி ஒரு சீறல் வந்தது. வெள்ளைப் புகை ஆள் உயரத்துக்கு எழும்பியது. புகையின் அடியில் ஒரு முழம் தீ நின்று எரிந்தது. வாளியின் சிவப்புப் பெயிண்ட் பொரிந்து கறுத்தது. மறுபடியும் ஒரு தடவை சீறி, அடங்கியது.

அருள்பாண்டி தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாட்ச்மேன் ரூமின் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்பெனி ஜெயச்சந்திரன் முதலாளியுடையது. அவர் உடம்புக்கு முடியாமல் வீட்டோடு இருக்க, நாலு வருஷமாக மகள் யோகேஸ்வரிதான் பார்த்துக்கொள்கிறாள். அரைமணி நேரத்தில் அவள் கார் வந்தது. பொட்டலுக்குப் போய் வாளியைப் பார்த்தாள். ரூமுக்குள் போய்ப் பரணைப் பார்த்தாள். அங்கிருந்து லாரி நின்ற இடத்துக்குக் காலடியால் அளந்து பார்த்தாள். பிறகு மாரிசெல்வியை ஆபீசுக்கு வரச் சொன்னாள்.

"உட்காருங்க. கை சுட்டிருக்கா?"

"லேசா மேடம். ஒண்ணுமில்ல."

"அந்தப் பெட்டி எப்ப வாங்கினது?"

"தை மாசம்."

"அது கெட்டுப்போச்சுன்னு இன்னைக்குத்தான் தெரியுமா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். திங்கட்கிழமை பெட்டியின் அடிப்பக்கம் உப்பியிருந்தது வேறு யாருக்கும் தெரியாது. வெளியே ஐம்பது பேர் அவளைப் பற்றி நல்லவிதமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், அது ஜன்னல் வழியாகக் கேட்டது. மாரிசெல்வி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கெழமையே தெரியும் மேடம்."

யோகேஸ்வரி எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினாள்.

"தெரிஞ்சும் கொண்டுவந்தீங்களா?"

"வண்டி கெளம்பிருச்சு மேடம். கெளப்புற பெட்டி கெட்டுருச்சுன்னு மனசு ஒத்துக்கல. ஞாயித்துக்கெழம கடையில காட்டிக்கிருவோம்னு இருந்துட்டேன்."

"ரூம்ல பாண்டியோட போன் அதுல மாட்டியிருந்ததா?"

"இருந்துச்சு. பத்து நாளாவே மாட்டிக்கிட்டிருந்தாரு. ஆனா அவரு மாட்டாட்டாலும் அந்தத் தகரத்துக்கு அடியில அது உப்பத்தான் செஞ்சிருக்கும். கடைக்காரரு வெயில்ல வைக்காதீகன்னு சொல்லித்தான் குடுத்தாரு. வண்டிக்குள்ள வைக்கப் பயந்து அங்கன குடுத்தேன். அங்கனயும் அதே சூடுதான்னு நான் யோசிச்சிருக்கணும்."

யோகேஸ்வரி அதையும் எழுதிக்கொண்டாள். கோபப்படுகிறாளா என்று முகத்தைப் பார்த்து மாரிசெல்வியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நீங்க இன்னைக்குச் செஞ்சது சரி. திங்கக்கிழமை செஞ்சது சரியில்ல. ரெண்டையும் நான் எழுதித்தான் ஆகணும். நான் சொல்லி அனுப்புற வரைக்கும் வண்டியும் வேண்டாம், நீங்களும் வர வேண்டாம்."

"சரி மேடம்."

அருள்பாண்டியை ஆமத்தூர்ப் பக்கம் இருக்கிற காகிதக் குடோனுக்கு மாற்றினார்கள். போகும்போது அவன் மாரிசெல்வியிடம் பேசவில்லை. தன் பேரை அவள் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவனுக்கு இருந்தது. மாரிசெல்வி அதைப் பிறகு பல தடவை யோசித்துப் பார்த்தாள். கேட்ட கேள்விக்குப் பாதி உண்மையும் பாதி மறைப்புமாகச் சொல்வது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வள்ளித்தாய் வீட்டுக்கு வந்தாள்.

"நாளைல இருந்து அன்பரசன் வண்டியில போறோம்த்தா. தப்பா நெனைக்காத."

"போங்க மதினி. வேலைய விடவா முடியும்?"

"நீ ஏன் திங்கக்கெழமன்னு சொன்ன? உன் வாய யாரு கிண்டுனா?"

மாரிசெல்வி காபி போட்டுக் கொடுத்தாள். வள்ளித்தாய் குடித்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை ஏழு பத்துக்கு, அதே கம்பெனிக்கு ஆள் ஏற்றும் அன்பரசனின் வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. அவள் வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். போகிறவர்கள் அவளைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவளும் ஈரக்கையை அசைத்தாள். அன்றைக்கு வேனை இரண்டு தடவை கழுவினாள்.

சங்கிலிமுத்து மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "சும்மாதான நிக்கு. வயரிங்க பாத்துரு" என்றான்.

வயரிங் மணிகண்டராஜ் ஒன்றரை நாள் தேடினான். பழைய வேன்காரர் எப்போதோ தேர்தல் நேரத்தில் மைக் செட் மாட்டியிருக்கிறார். செட்டைக் கழற்றியவர் அதற்கு இழுத்த வயரை அப்படியே விட்டிருந்தார். அது தரைவிரிப்புக்கு அடியில் உரசி உரசித் தேய்ந்து, பகலிலும் இரவிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தது. அதை உருவி எறிந்தார்கள். நாலு நாள் கழித்து மாரிசெல்வி சாவியைத் திருப்பிப் பார்த்தாள். வண்டி தானாகக் கிளம்பியது. ஏற்றிக்கொண்டு போக ஆள்தான் இல்லை.

மூன்று வாரம் கழித்து யோகேஸ்வரி சொல்லி அனுப்பினாள். இந்தத் தடவை அவள் மேசைமேல் ஒரு காகிதம் இருந்தது.

"நீங்க போன மறுவாரம் பொட்டல்ல நிக்கிற எல்லா வண்டியையும் சோதிச்சேன். ஒன்பது வண்டி. நாலுல இந்தப் பெட்டி இருந்துச்சு. மூணு டேஷ்போர்டுல. ஒண்ணு டிரைவர் சீட்டுக்கு அடியில, துண்டு சுத்தி. அது உங்களதவிட மோசமா உப்பியிருந்துச்சு. அவர்ட்ட கேட்டா, அது எப்பவுமே அப்படித்தான் இருக்கும்ங்கிறார். இனி வண்டியில கொண்டுவர மாட்டேன்னு எழுதி வாங்கிக்கிட்டேன்."

யார் என்று அவள் சொல்லவில்லை. அன்பரசன்தான் என்று மாரிசெல்விக்குப் புரிந்தது. பதினாலு பேர் அந்த சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து போய்வந்திருக்கிறார்கள்.

"நீங்க திங்கக்கிழமைய மறைச்சிருந்தா நான் இத ஒரு தடவ நடந்த விபத்துன்னு எழுதி மூடியிருப்பேன். மத்த வண்டிகளப் பாத்திருக்க மாட்டேன்."

யோகேஸ்வரி காகிதத்தை மடித்து ஓரமாக வைத்தாள்.

"முழுசாத் தடை பண்ணிரலாம்னுதான் நெனச்சேன். ஆனா வண்டி கிளம்பலைன்னா மறுபடியும் ஆள்களத் தள்ளச் சொல்வாங்க, இல்லன்னா ஒளிச்சுவைப்பாங்க. வேற வழி இருக்கா?"

"ஒண்ணு இருக்குன்னு கடைக்காரரு சொன்னாரு மேடம்."

வேலையில்லாமல் கிடந்த நாட்களில் அவள் அழகுராஜா அண்ணாச்சி கடைக்குப் போயிருந்தாள். நடந்ததைக் கேட்டு அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இட்லி மாதிரி உப்பினதை உடனே எனக்குச் சொல்ல வேண்டாமா என்று கடிந்துகொண்டார். பிறகு இன்னொரு வகை இருப்பதைச் சொன்னார். அதில் லித்தியம் பேட்டரி கிடையாது, கெப்பாசிட்டர்தான். சும்மா கிடக்கும்போது அதற்குள் கரண்டே இருக்காது. வண்டிப் பேட்டரியில் மிச்சம் மீதி கிடப்பதை மூன்று நாலு நிமிஷம் உறிஞ்சி, ஒரே மூச்சில் திருப்பிக் கொடுக்கும். வெயில் தாங்கும். மாதாமாதம் சார்ஜ் ஏற்றவேண்டிய வேலையும் இல்லை. விலை கூடுதல். பேட்டரி ஒரேயடியாகச் செத்துவிட்டால் மட்டும் அது கையை விரித்துவிடும். அப்போது ஓடுகிற இன்னொரு வண்டியிலிருந்து அதற்குள் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் மாரிசெல்வி தன் பேச்சில் சொன்னாள். யோகேஸ்வரி குறித்துக்கொண்டாள். கடைக்காரரின் நம்பரை வாங்கி அவரிடமே பேசினாள். அடுத்த சனிக்கிழமை பொட்டலில் ஒன்பது டிரைவர்களையும் கூட்டி, அந்தப் புதுப்பெட்டி ஒன்றை மாரிசெல்வியின் கையில் கொடுத்து, மாட்டிக் காட்டச் சொன்னாள். லித்தியம் பெட்டி வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். வண்டியில் வருவதென்றால் இந்த வகைதான். பொட்டலில் கிளிப் மாட்டுவதும் கேட்டிலிருந்து நூறு அடி தள்ளித்தான். கீற்று வேய்ந்தால் தீப்பிடிக்கும் என்பதால், கேட்டு ரூமின் தகரத்துக்கு மேலே வெள்ளைப் பூச்சு அடித்தார்கள்.

மாட்டிக் காட்டும்போது அன்பரசன் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எல்லோரும் கலைந்தபின் வந்தான்.

"உன்னாலதான் எனக்கு எழுதிக்குடுக்குற அளவுக்குப் போச்சு."

"உங்க பெட்டி இப்ப எங்கன இருக்கு?"

"வீட்டுல. கட்டிலுக்கு அடியில."

மாரிசெல்வி அவனைப் பார்த்தாள். அவன் மகள்கள் இரண்டு பேரும் அந்தக் கட்டிலில்தான் படுப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவன் வீடு.

"இப்பவே போவோம் வாங்க. மண்ணு வாளி என்ட்ட இருக்கு."

அவன் கட்டியிருந்த கையை அவிழ்த்தான். பிறகு சாவியைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். இரண்டு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஊருக்கு வந்தன. அவன் மனைவி கீர்த்திகா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மாரிசெல்வி கட்டிலுக்கு அடியில் குனிந்து பெட்டியை இழுத்து, மணலில் வைத்து, வாசலுக்கு வெளியே கொண்டுவந்தாள். ஆள் நடமாட்டமில்லாத களத்தில் வெயில் தாழும்வரை அதை வைத்தார்கள். அது எரியவில்லை. வெயில் தாழ்ந்தபின் அன்பரசன் அதை மணலோடு தன் வண்டியின் பின்னால் வைத்து, வேறு யாரையும் ஏற்றாமல், ஜன்னலெல்லாம் திறந்துபோட்டு மெதுவாகச் சிவகாசிக்கு ஓட்டிப்போனான். பழைய பேட்டரி எடுக்கிறவர்களுக்கு அனுப்பிவிடுவதாக அண்ணாச்சி அதை வாங்கி, கடைக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டியில் வைத்தார்.

ஆனி மாதம் முதல் திங்கட்கிழமை மாரிசெல்வி மறுபடியும் வேலைக்குப் போனாள். பதினாலு பேரில் பதினோரு பேர் அவள் வண்டிக்குத் திரும்பினார்கள். மூன்று பேர் அன்பரசன் வண்டியிலேயே இருந்துகொண்டார்கள். அவன் வண்டி அவர்கள் வாசலுக்கே வருகிறது, அதற்கு அவள் ஒன்றும் சொல்ல முடியாது. மீதி மூன்று சீட்டுக்கு அணைக்கட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து மூன்று பெண்கள் கேட்டிருந்தார்கள். அவர்களுக்காக வழக்கமான ரோட்டை விட்டு நாலு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருந்தது.

"சுத்திப் போனா நேரமாகாதா?" என்றாள் வள்ளித்தாய்.

"அஞ்சு நிமிஷம் முந்திக் கெளம்புவோம் மதினி. பேட்டரிக்கும் அம்புட்டு ஓட்டம் கூடுதலாக் கெடைக்கும்ல."

வைப்பாற்றில் தண்ணீர் இல்லை. அணைக்கட்டு ஓரமாக ரோடு புதிதாகப் போட்டிருந்தார்கள், வண்டி குலுங்காமல் போனது. புது ஆட்கள் மூன்று பேரும் ரோட்டோரத்தில் பைகளோடு நின்றிருந்தார்கள். ஏறும்போது அவர்களில் ஒருத்தி, எந்த சீட்டில் உட்காரலாம் என்று கேட்டாள். வள்ளித்தாய் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.